ரீசெட் வேண்டாம்

ஏப்ரல் 6

இன்றும் நின்றுவிட்டது. கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்க, அவள் மூக்குக்கு நேரே அந்த வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கோமளா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தையே பார்த்திருந்தாள். சலித்துக்கொள்ளவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. என் மனைவிக்குப் பொறுமை அதிகம் என்று உறவில் எல்லோரும் சொல்வார்கள். அது என்னைப் பற்றிய புகார் என்பது எனக்குத் தெரியும்.

பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்தியவன் நான். துறைத்தலைவர்வரை வந்தேன். முதல்வர் நாற்காலி என்னிடமே பாடம் படித்த மதிவாணனுக்குப் போனதும் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியனுப்பு விழாவில் அவன் எனக்குப் போர்த்திய சால்வை இன்னும் பாலிதீன் உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. இப்போது நேரம் நிறைய இருக்கிறது. ஒரு டிவி ஏன் நின்று நின்று ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் தேவையில்லை.

முதல் சந்தேகம் இன்டர்நெட்காரன் மேல்.

ஏப்ரல் 8

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து டில்லிபாபு என்கிற ஆள் வந்தான். வந்தவுடன் தன் போனில் ஏதோ குத்துப்பாட்டை ஓடவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"லைன்ல ஒண்ணும் கம்ப்ளைன்ட் இல்ல சார். எப்படி ஓடுது பாருங்க."

"உன் போன்ல ஓடினா எனக்கென்னய்யா? என் டிவில ஓடணும்."

இன்டர்நெட் வழியாகப் படம் காட்ட டிவியின் முதுகில் செருகியிருந்த ஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "அடுப்பு மாதிரி கொதிக்குது. பழசு சார். இதுக்கு வயசாயிடுச்சு. மெமரி ரொம்பி வழியுது. ரீசெட் போட்டுடலாம், உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சி வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும்."

சமையலறையிலிருந்து கோமளாவின் குரல் வந்தது. "வேணாம்."

"ஒண்ணும் ஆகாதும்மா. புதுசு மாதிரி ஆயிடும்."

"புதுசு மாதிரி வேணாம்ப்பா. நின்னு நின்னே ஓடட்டும்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வெளியாள் ஒருவரிடம் அவள் இவ்வளவு பேசியே நாளாயிற்று. கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

ஏப்ரல் 9

ரூட்டரைக் கூடத்துக்கு மாற்றினேன். பலனில்லை.

ஏப்ரல் 12

ஏன் ரீசெட் கூடாது என்பதை எழுதிவைக்கிறேன்.

அந்த ஸ்டிக்கை வாங்கியது தாரிணி. தாரிணி என் மகள், ஓசூரில் இருக்கிறாள். இந்த நோட்டில் அவள் பெயரை எழுதி வெகுகாலம் ஆகிறது. கோளாறைப் பற்றி எழுதுவதால் எழுத வேண்டியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

ஊரடங்கு வருஷத்தில் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தவள் இதை வாங்கி மாட்டினாள். படம் பார்க்கிற செயலியில் தன் கணக்கைப் போட்டு, திறந்ததும் தெரிகிற வட்ட முகங்களில் 'தாரிணி' என்று ஒன்றும் 'அம்மா' என்று ஒன்றும் வைத்தாள். அப்பா நியூஸ் மட்டும்தானே பார்க்கிறார் என்று எனக்கு வைக்கவில்லை. பிற்பாடு மூன்றாவதாக ஒரு முகம் வந்து சேர்ந்தது. அவனுடையது.

மூன்று வருஷத்துக்கு முன் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். செய்த பிறகு போனில் சொன்னாள். முன்பே கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், அது வேறு விஷயம். கேட்பது முறை. நான் சாதி பார்க்கிறவன் இல்லை, முறை பார்க்கிறவன்.

அன்றைக்குக் கோமளாவின் கையை எடுத்து என் தலைமேல் வைத்து, இனி அவளோடு பேசமாட்டேன், அவள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். மீறினால் என் உயிருக்கு ஆகாது என்று அவள் நம்புகிறாள். நான் நம்பவில்லை. மின்சாரம் படித்தவன் அதையெல்லாம் நம்ப முடியாது. ஆனால் நம்புகிறவளிடம் அது வேலை செய்கிறது. வேலை செய்கிற ஒன்றை எதற்குக் கழற்றிப் பார்ப்பது?

ஆக, ரீசெட் செய்தால் கணக்கு போய்விடும். திரும்ப உள்ளே போகப் பாஸ்வேர்டு வேண்டும். அது தாரிணிக்குத்தான் தெரியும். கோமளா கேட்க முடியாது. நான் கேட்பதாக இல்லை.

வேறு வழியில் சரிசெய்வேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கோமளாவின் தம்பி குணசீலன் பலாப்பழமும் சிரிப்புமாகக் காட்பாடியிலிருந்து வந்தான். வடையை எடுத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தவன், வட்டம் சுற்றத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினான்.

"என்ன மாமா, கரண்ட்டு வாத்தியார் வீட்லயே இந்தக் கதியா? எங்க வீட்ல ஒண்ணும் தெரியாத பசங்க, ஜம்முனு ஓடுது."

"உங்க வீட்ல எல்லாமே ஜம்முனுதான் ஓடும்."

"கோவத்தப் பாரு. இரு அக்கா, நான் பாக்கறேன்." ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸுக்குள் போய்விட்டான். கோமளா பாயசக் கிண்ணத்தைத் தரையிலேயே வைத்துவிட்டு வந்து அவன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். சின்ன வயதில் அவனிடமிருந்து எதையெல்லாம் அப்படிப் பிடுங்கியிருப்பாளோ.

"இதத் தொடாதடா குணா. சொல்லிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அதற்குமேல் தமாஷ் செய்யவில்லை. அவனும் தாரிணியும் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவனே அவன்தான். அவனை வீட்டுக்குள் விடுகிறேன் என்றால், அது கோமளாவுக்காக.

ஏப்ரல் 19

மின்வாரிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தபோது வெளிக்கதவு திறந்திருந்தது. கோமளா டிவி முன் உட்கார்ந்திருந்தாள். நாடகம் ஓடவில்லை. 'தாரிணி' என்கிற முகத்துக்குள் போயிருந்தாள்.

அதில் பாதியில் நிறுத்திய படங்களெல்லாம் ஒரு வரிசையாக நிற்கும். எவ்வளவு பார்த்தாயிற்று என்று ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கோடு. கோமளா எதையும் ஓடவிடவில்லை. ஒவ்வொரு படமாக நகர்ந்து கோட்டை மட்டும் பார்த்தாள். நான் பின்னால் நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை.

"இது நேத்து பாதியில நின்னிருந்துச்சு. இன்னிக்கு முடிச்சிருக்கா. அப்ப ராத்திரி தூங்கல."

அடுத்தவர் கணக்கை வேவு பார்ப்பது படித்தவர்கள் செய்கிற வேலையா என்று கேட்டேன். "நான் எங்க படிச்சேன்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

கோளாறு எந்த இடத்தில் வருகிறது என்று பார்ப்பதற்காக நானும் அந்த வரிசையை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். சமையல் நிகழ்ச்சி ஒன்று. மழைச் சத்தம் மட்டும் கேட்கிற ஏதோ ஒன்று. அதற்கடுத்து கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சி, வாரத்துக்கு ஒரு பாகம். இருபத்தாறாவது வாரம், முக்கால்வாசி சிவப்பு.

படங்கள் திரையில் வந்து சேர மிகவும் தாமதமாகிறது. நினைவகக் குறைவுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 22

கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டிக்குக்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அதில் வருகிற மின்னோட்டம் இதற்குப் போதாது. முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரிய வேண்டிய விஷயம், டில்லிபாபுவுக்குத் தெரியவில்லை. தனி அடாப்டர் போட்டுச் சுவரிலிருந்து கொடுத்தேன். சூடு தங்காமல் இருக்க ஒரு சின்ன நீட்டிப்பு வயர் போட்டு ஸ்டிக்கை டிவியின் முதுகிலிருந்து விலக்கித் தொங்கவிட்டேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த குட்டி விசிறியை அதன் முன் கட்டினேன்.

"அதுக்கு மட்டும் தனி பேனா? நமக்கு மேல சுத்தறது போதுமா?" என்று கேட்டுக் கோமளா சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

ஒரு நாடகம் முழுக்க நிற்காமல் ஓடியது.

ஏப்ரல் 25

மறுபடி நிற்கிறது.

ஏப்ரல் 27

அலமாரியில் டெஸ்டர் தேடும்போது காகிதத்தில் சுற்றிய கண்ணாடி வளையல் கட்டு கிடைத்தது. பச்சையும் சிவப்பும். கோமளா அணிகிற அளவு இல்லை, சின்னது.

"யாருக்கு?"

"ஏழாம் மாசம்."

"யார் சொன்னா?"

டிவியைக் கை காட்டினாள். இருபத்தேழாவது வாரம் தொடங்கியிருக்கிறதாம்.

"வளைகாப்பு நாமதானே பண்ணணும். தலைப்பிரசவம். அம்மா வீட்டு வளையல் இல்லாம எப்படி?" வளையல் கட்டை வாங்கிப் பழையபடி காகிதத்தில் சுற்றினாள். "ஒரு வார்த்த சொல்லுங்க. போட்டுட்டு உடனே வந்துடறேன். பேசக்கூட மாட்டேன்."

வெளியே காய்கறி வண்டி வந்தது. தக்காளி வாங்கப் போய்விட்டேன். போகாதே என்று நான் சொல்லவில்லை. அதைக் குறித்துவைக்கிறேன்.

மே 4

இன்று கத்திரி தொடக்கம். சத்துவாச்சாரியில் தார் உருகுகிறது. ஸ்டிக் தானாகவே அணைந்து தானாகவே எரிகிறது.

குணசீலன் போன் செய்தான். "மாமா, வர்ற ஞாயித்துக்கிழம ஓசூர்ல தாரிணிக்கு வளைகாப்பு. அவங்க வீட்டுக்காரங்களே பண்றாங்க. நான் கார்ல போறேன். அக்காவ அனுப்புங்க, சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்."

"அவங்களே பண்றாங்கன்னா அவங்களே பண்ணிக்கட்டும்."

"மாமா, நீங்க போட்ட சத்தியத்த நீங்க எடுத்தா முடிஞ்சிது. அக்காவுக்கு ஒரு வார்த்தைதான் வேணும்."

"அவ எங்கிட்ட கேக்கல."

"கேக்கலயா?"

வெயிலில் அதிகம் பேச முடியவில்லை. வைத்துவிட்டேன். கோமளாவிடம் சொல்ல மறந்துவிட்டது.

மே 6

மற்ற செயலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். பாட்டு, கிரிக்கெட், பக்திச் சொற்பொழிவு எல்லாம் போயிற்று. அந்த ஒன்று மட்டும் இருக்கிறது. இனி நீக்குவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் 'இடம் போதவில்லை' என்றே வருகிறது.

மே 11

கோமளா காலையில் குளித்துப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், கடைசியில் சர்க்கரைப் பொங்கல். வளைகாப்புக்குச் செய்கிற ஐந்து வகைச் சோறு. இன்றைக்கு என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? ஒருவேளை குணசீலன் அவளிடமும் பேசியிருக்கலாம். நான் சொல்லாததும் அப்படியானால் அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

இரண்டு பேருக்கு ஐந்து வகை. எனக்கு முன் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தாள். புளிச்சோறு நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் சாப்பிடாமல் டிவி முன் போய் உட்கார்ந்தாள். வரிசையில் இன்றைக்குப் புதிதாக எதுவும் இல்லை.

"இன்னிக்கு எங்க பாக்கப்போறா, வீடு நெறய ஆளுங்க இருப்பாங்க," என்று டிவியிடம் சொன்னாள்.

மே 12

பழைய சோறு, ஐந்து வகை.

மே 20

டில்லிபாபுவை மறுபடி வரச்சொன்னேன். விசிறியைப் பார்த்து, "சூப்பர் சார், ஐசியு மாதிரி இருக்குது," என்றான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சாப்ட்வேரின் புதுப் பதிப்பு இறங்கக் காத்திருக்கிறது, இறங்க இடமில்லை, இப்படியே விட்டால் ஒரு நாள் மொத்தமாக நின்றுவிடும் என்றான்.

"புது ஸ்டிக் வாங்கினா?"

"வாங்கலாம் சார். ஆனா அதுலயும் பாஸ்வேர்டு கேக்கும். பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குது?"

"ஊர்ல இருக்கு."

"போன் போட்டுக் கேளுங்க சார், ரெண்டு நிமிசம்."

இவன் வேலை லைன் பார்ப்பது. அதைச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 3

குணசீலனுக்கு நானே போன் செய்தேன். தாரிணியிடம் பாஸ்வேர்டு வாங்கித் தா, நான் கேட்டதாகச் சொல்லாதே என்றேன்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா. அக்கா தெனமும் நாடகம் பாக்குதே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"எதுக்கு?"

"தாரிணி அங்கேருந்து அம்மா முகத்துக்குள்ள போயிப் பாக்குது. அக்கா இன்னிக்கு என்ன பாத்துச்சு, எங்க நிறுத்துச்சுன்னு. கோடு நகர்ந்துட்டா அம்மா நல்லா இருக்காங்கன்னு அர்த்தமாம். ஒரு நாள் நகராட்டி எனக்குப் போன் பண்ணும். 'மாமா, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லயா'ன்னு. ரெண்டும் பேசிக்கல, சத்தியத்த மீறல. இப்படியேதான் மூணு வருசமா ஓட்டுதுங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பாஸ்வேர்டு நான் கேக்க மாட்டேன். நம்பர் அனுப்பறேன், நீங்க கேளுங்க. உங்க குரல் கேட்டா அது பாஸ்வேர்டு மட்டுமா குடுக்கும்?"

நம்பரை அனுப்பினான். அது எனக்கு முன்பே தெரியும், அதே பழைய நம்பர்தான். அவள் மாற்றவில்லை.

இவர்கள் எல்லோரும் சேர்ந்து என் வீட்டில், என் டிவியில், எனக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு நடத்தி வந்திருக்கிறார்கள். மதிவாணனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஜூன் 4

கோமளா நாடகம் பார்க்கும்போது கவனித்தேன். பாதி நேரம் அவள் திரையைப் பார்ப்பதே இல்லை. கீரை ஆய்கிறாள். நாடகத்தை நடுவில் நிறுத்தும்போது மட்டும் நிமிர்ந்து, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறாள்.

இன்று படம் நின்றபோது மேசைவிசிறியையும் அதன் பக்கம் திருப்பிவைத்தேன்.

ஜூன் 15

முப்பத்துநான்காவது வாரம். கோமளா சுக்கு, ஓமம், பெருங்காயம் எல்லாம் வெயிலில் காயவைத்திருந்தாள். யாருக்கு மருந்து இடிக்கிறாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 29

முப்பத்தாறாவது வாரம், கொஞ்சம்தான் சிவப்பு. பாதிக்கும் முன்பே நிறுத்தியிருக்கிறாள்.

ஜூலை 2

கோடு நகரவில்லை.

ஜூலை 3

நகரவில்லை. கோமளா காலையில், மதியம், சாயங்காலம் என்று பார்க்கிறாள். சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது. அவன் முகத்துக்குள்ளும் போய்ப் பார்த்தாள். அவன் கிரிக்கெட் பற்றிய ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டது அப்படியே நிற்கிறது.

"ரெண்டு பேரும் எதையும் பாக்கலன்னா என்னங்க அர்த்தம்?"

"டிவி நின்னிருக்குன்னு அர்த்தம்."

குணசீலனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 4

கோமளா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு சோதனை செய்தேன். கோடு நகராததற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஸ்டிக் புதுத் தகவலை வாங்காமல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது அங்கே உண்மையாகவே யாரும் எதையும் பார்க்கவில்லை. எது என்று தெரிந்துகொள்வது சுலபம். குணசீலன் பையன் ஒரு முறை இந்தச் செயலியை என் போனில் போட்டு, டிவியில் தெரிந்த கியூஆர் கட்டத்தைக் காட்டி அதே கணக்கைத் திறந்துவிட்டிருந்தான். நான் தொட்டதில்லை. இன்று அதில் 'அம்மா'வுக்குள் போய் ஏதோ ஒரு பழைய படத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். பிறகு டிவியில் பார்த்தேன். வட்டம் சுற்றி, சுற்றி, கடைசியில் அந்தப் படம் வரிசையில் வந்து நின்றது.

டிவியில் பிழை இல்லை. வருகிற தகவல் சரியாகத்தான் வருகிறது.

போனில் அந்தச் செயலியை உடனே நீக்கிவிட்டேன். என் போனில் அவளுடைய கணக்கு இருப்பதை நான் விரும்பவில்லை.

கோமளா கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "நகந்துச்சா?"

"டிவிதான் நின்னிருக்கு," என்றேன். தேவையில்லாமல் பயப்படுவாள்.

ஜூலை 5

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கோமளா காபியை என் முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவதில்லை.

"எனக்கு மனசு சரியில்ல. ஒரே ஒரு போன். நீங்க சரின்னு சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா சத்தியம் போயிடும், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவ குரல் மட்டும் கேட்டுட்டு வெச்சிடறேன்."

"அங்க ஒண்ணும் இல்ல. டிவில கோளாறு."

"நெஜமாவா?"

"எலக்ட்ரிகல் படிச்சவன் நானா நீயா? ரீசெட் போட்டா எல்லாம் வந்துடும்."

"ரீசெட் போட்டா அவ போயிடுவாளே."

"அது அந்தக் காலத்து ஸ்டிக்குக்கு. இதுல கணக்கு அப்படியே இருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக எவன் சொல்லியும் ரீசெட்டுக்கு ஒப்புக்கொள்ளாதவள், நான் சொன்னதும், "உங்களுக்குத் தெரியும், பண்ணுங்க," என்றாள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். ஒரு விஷயத்தைச் சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. செட்டிங்ஸுக்குள் போனேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. அழுத்தினேன்.

திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. எல்லாம் பளிச்சென்று, தங்குதடையில்லாமல் நகர்ந்தது. செயலியை ஏற்றினேன், வினாடியில் ஏறிற்று. முகங்கள் இல்லை. மின்னஞ்சல் என்று ஒரு கட்டம், பாஸ்வேர்டு என்று ஒரு கட்டம்.

கோமளா எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிப்பாள். படித்தாள்.

"பாஸ்வேர்டு கேக்குது."

நான் ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றித் துடைத்தேன்.

"இது கேக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

பேட்டரியைத் திருப்பிப் போட்டேன்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. எழுந்து நின்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். "மூணு வருசம் உங்க உசுர நான் காப்பாத்திட்டேன். இனிமே நீங்களே பாத்துக்குங்க."

என் போனை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்தாள். நம்பரை மனப்பாடமாக அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போடத் தெரியாததால் அந்தப் பக்கம் பேசியது சரியாகக் கேட்கவில்லை. ஆண் குரல். 'அத்தை' என்பது மட்டும் கேட்டது.

"எந்த ஆஸ்பத்திரி தம்பி?" என்றாள். "எப்பலேர்ந்து? ... சரி. ... சரி. நான் வரேன்னு சொல்லு. வந்துட்டேன்னு சொல்லு."

பிரஷர் ஏறி முப்பதாம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாளாம். இதைக் கோமளா என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம், சாவி கொடுக்கப் போனபோது சொன்னது கேட்டது. நான் வீட்டுக்குள் இருக்கும்போது சாவியை எதற்குப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள் என்று புரியவில்லை.

கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற இடம்வரை ஆட்டோவில் போய்விட்டாள். இடித்துவைத்த மருந்தையும் வளையலையும் எடுத்துக்கொண்டாள். வேலூரிலிருந்து ஓசூருக்கு எவ்வளவு தூரம்? காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அவ்வளவுதான்.

ஜூலை 6

செய்திச் சானல் இலவசம். ஒரு முறைகூட நிற்கவில்லை. செய்தி வாசிப்பவரின் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. விசிறியைக் கழற்றிவிட்டேன், தேவையில்லை.

ஜூலை 7

காலையில் இடதுபக்கம் நெஞ்சில் கொஞ்சம் வலித்தது. வாயு. வேறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் மதியம்வரை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டம்மா ரசம் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா போன் பண்ணாங்களா சார்?" என்றார். பண்ணினாள் என்றேன்.

ஜூலை 9

குணசீலன் பேசினான்.

"பொறந்துடுச்சு மாமா. ஆபரேஷன்தான். தாரிணி நல்லா இருக்கா, கொழந்தையும் நல்லா இருக்கு."

"சரி."

"என்ன கொழந்தன்னு கேக்கமாட்டீங்களா?"

பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பல் தெரியச் சிரிக்கிற சிரிப்பு, போனில் கேட்டாலே அது தெரிகிறது.

"உங்கக்கா என்ன சொன்னா?"

"உங்களுக்குச் சொல்லச் சொல்லி எதுவும் சொல்லல மாமா. நானாதான் பண்றேன். அக்கா மூணு மாசம் இருந்து பாத்துக்கும்."

தலைப்பிரசவத்துக்கு மூன்று மாதம் தாய் பார்த்துக்கொள்வது முறைதான். முறைப்படி அது இந்த வீட்டில் நடக்க வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்று அவன் சொல்லவில்லை.

"போட்டோ அனுப்பறேன். பாக்கறதுன்னா பாருங்க," என்று வைத்துவிட்டான்.

வந்திருக்கிறது. மங்கலாக இருக்கிறது, நடுவில் அம்புக்குறியோடு ஒரு சின்ன வட்டம். ரோஸ் நிறத்தில் துணி மாதிரி ஒன்று, அதற்குள் கறுப்பாக ஏதோ. முடியாக இருக்கலாம். ஓரத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு கை, அது யாருடையது என்று தெரியவில்லை. வட்டத்தைத் தொட்டால் படம் இறங்கிவிடும், எல்லாம் தெளிவாகத் தெரியும்.

சாயங்காலத்திலிருந்து போனை மேசைமேல் வைத்திருக்கிறேன். திரை அணைகிறபோது மட்டும் ஓரத்தைத் தட்டி மறுபடி எரியவைக்கிறேன்.

வட்டத்தைத் தொடவில்லை.